நான்கு மாதம் பில் இல்லை, இப்போது எல்லாம் சேர்த்து ஒரே பில்: கட்டுவதா, சண்டை போடுவதா?

கேள்வி இதுதான்: வாடகை வீடு, மாதத்துக்கு 100 யூனிட் பக்கம்தான் ஓடும். நான்கு மாதம் கரண்ட் பில்லே வரவில்லை. இப்போது 412 யூனிட் என்று ஒரே பில்லாக வந்திருக்கிறது, தொகையோ எப்போதும் கட்டுவதை நான்கால் பெருக்கினால் வருவதைவிட ரொம்ப அதிகம். கடைசித் தேதி தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்குவோம் என்கிறார்கள். மீட்டர் கெட்டுப்போச்சா, கட்டித்தான் ஆக வேண்டுமா, கட்டாமல் இருந்தால் என்ன ஆகும்?

பல வருடம் பில்லிங் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். வெளிப்பக்கம் வந்து நிற்கிற ஆளில் பாதிப் பேர் சொல்லும் முதல் வார்த்தையே 'மீட்டர் ஸ்பீடா ஓடுது சார்' என்பதுதான். அதைச் சொன்ன உடனே உள்ளே இருப்பவர் காதை மூடிக்கொள்வார், ஏனென்றால் தினமும் கேட்கிற பாட்டு அது. மீட்டர் மேல் பழி போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வைக்கிற மீட்டர் பெரும்பாலும் 'கிளாஸ் 1' ரகம், அதாவது வழக்கமான லோடில் 1 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது என்ற அளவுக்குச் சோதித்து வருவது. அது கெடவே கெடாது என்று சொல்ல வரவில்லை, ஆனால் கெட்டால் பெரும்பாலும் நின்றுபோகும், இல்லை டிஸ்ப்ளே செத்துப்போகும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகமாக ஓடுகிற மீட்டரை நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். தப்பு பெரும்பாலும் பில்லில்தான் இருக்கும், மீட்டரில் எழுதியெடுத்த ரீடிங்கில் இருக்கும், அல்லது வீட்டு வயரிங்கில் இருக்கும்.

அதனால் பில்லைக் கையில் எடுத்து, கடைசி வரியில் இருக்கும் தொகையைப் பார்க்காமல், நடுவில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங். நேராக மீட்டருக்குப் போய் இன்றைய ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். டிஜிட்டல் மீட்டரில் டிஸ்ப்ளே மாறிக்கொண்டே இருக்கும். தேதி, வோல்டேஜ், உச்ச லோடு என்று வரிசையாக ஓடும். கிலோவாட் அவர் என்பதன் சுருக்கம் (kWh) தெரிகிற நேரத்தில் எடுத்தால்தான் அது யூனிட். அந்தப் போட்டோவில் மீட்டர் எண்ணும் தெரிய வேண்டும். இன்றைய ரீடிங், பில்லில் இருக்கும் 'இப்போதைய ரீடிங்'கைவிடக் குறைவாக இருந்தால் வேலை முடிந்தது, ரீடிங்கைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், வேறு வாதமே வேண்டாம். பழைய சக்கர மீட்டர்களில் கடைசி இலக்கம் சிவப்பாகவோ தனிக் கட்டத்திலோ இருக்கும், அது தசமம். அதையும் சேர்த்துப் படித்துவிட்டால் ஒரே அடியில் பத்து மடங்கு.

அப்புறம் போன பில்லை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். போன பில்லின் முடிவு ரீடிங்கும் இந்தப் பில்லின் ஆரம்ப ரீடிங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் மீட்டர் மாற்றியிருந்தால் பழைய மீட்டரின் கடைசி ரீடிங் என்ன, புது மீட்டரின் தொடக்க ரீடிங் என்ன என்று இரண்டும் பில்லில் வர வேண்டும், இந்த இடத்தில் குளறுபடி நடப்பது சகஜம். மீட்டர் மாற்ற ஆள் வந்தால் பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய மீட்டர் குடோனுக்குப் போன பிறகு அதன் ரீடிங்கை நிரூபிக்க உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

இப்போது உங்கள் கேஸுக்கு வருகிறேன். 412 யூனிட், நான்கு மாதம். நான்கால் வகுத்தால் 103. நீங்களே மாதம் 100 பக்கம் ஓடும் என்கிறீர்கள். அப்படியானால் யூனிட்டில் சண்டையே இல்லை, மீட்டர் பாவம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. தொகை மட்டும் ஏறியிருக்கிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது ஸ்லாப் மேல்தான். நிறைய இடங்களில் முதல் இத்தனை யூனிட்டுக்கு ஒரு விலை, அதற்கு மேல் போனால் கூடுதல் விலை என்று படிப்படியாக இருக்கும். பேச்சுக்கு, மாதம் முதல் 100 யூனிட்டுக்கு ஒரு பங்கு விலை, அதற்கு மேலே இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 யூனிட் ஓடுகிற வீடு நான்கு மாதத்துக்குக் கட்ட வேண்டியது 400 பங்கு. அதே 400 யூனிட்டையும் ஒரே மாதத்தில் எரித்ததாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டால், முதல் 100க்கு 100 பங்கு, மீதி 300க்கு 600 பங்கு, ஆக 700. ஒரு யூனிட்கூடக் கூடுதலாக எரிக்காமல் முக்கால் மடங்கு அதிகம். ரீடிங் எடுக்க வராதது அவர்கள் தாமதம், அதற்கான மேல் ஸ்லாப்பை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. நான்கு மாதத்துக்கு ஸ்லாப்பையும் நான்கால் பெருக்கித்தான் கணக்குப் போட வேண்டும். இதைக் காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்த்து, வர வேண்டிய தொகையைக் கண்டுபிடித்துவிடுங்கள். கையில் அந்த எண்ணோடு போகிறவருக்கும் 'ரொம்ப அதிகமா வந்திருக்கு' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறவருக்கும் கவுண்டரில் கிடைக்கிற பதில் வேறு வேறு, இதை உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

பில்லில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று 'நிலுவை' என்ற வரி. நீங்கள் கட்டிய பழைய பணம் வரவு வைக்கப்படாமல் அங்கே உட்கார்ந்திருக்கலாம். ஆன்லைனில் கட்டும்போது இணைப்பு எண்ணில் ஒரு இலக்கம் மாறி யாரோ ஒருவருடைய பில்லை நீங்கள் கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு (அவர் உங்களுக்கு நன்றி சொல்லப் போவதில்லை). இன்னொன்று, ரீடிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிப்பு: கதவு பூட்டி இருந்தது, சராசரி, மதிப்பீடு என்று ஏதாவது இருந்தால் அந்த எண்ணை யாரும் மீட்டரைப் பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம். மதிப்பீட்டு பில் கூடவும் போகும் குறையவும் போகும், அடுத்து நிஜ ரீடிங் எடுக்கும்போது நேராகிவிடும் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஆறு மாதம் குறைவாகவே மதிப்பிட்டுக்கொண்டு வந்து ஏழாவது மாதம் மொத்தமாக இறங்கும்போது நமக்கு அது நேராவதாகத் தெரியாது. குறைவாக வருகிறதே என்று சந்தோஷப்படாமல் அப்போதே உங்கள் ரீடிங்கை அனுப்பித் திருத்தச் சொல்வது நல்லது.

வீட்டுக்குக் குழாயில் கேஸ் வருகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், கூடுதலாக ஒரு பொறி உண்டு. மீட்டர் அளப்பது கன அளவை. பிரிட்டன் மாதிரி இடங்களில் பழைய மீட்டர் 100 கன அடிக்கு ஒன்று என்றும் புது மீட்டர் ஒரு கன மீட்டருக்கு ஒன்று என்றும் எண்ணும், 100 கன அடி என்பது சுமார் 2.83 கன மீட்டர். மீட்டரை மாற்றிவிட்டு கம்ப்யூட்டரில் வகையை மாற்றாமல் விட்டால் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ வரும். மூன்றில் ஒரு பங்காக வருகிறவர் புகார் செய்யமாட்டார், பிறகு ஒரு நாள் அழுவார்.

சரி, யூனிட்டே உண்மையில் கூடியிருந்தால்? உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் இதைப் படிக்கிற பலருக்கு இருக்கும், அதனால் எழுதுகிறேன். ஏழு நாள், தினமும் ஒரே நேரத்தில் ரீடிங்கைக் குறித்து வையுங்கள். ஏழு நாளில் 24 யூனிட் ஓடினால் மாதத்துக்கு சுமார் 103. பில் 250 என்றால் எங்கேயோ கதை இருக்கிறது.

பிறகு வீட்டில் மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு மீட்டருக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 1600 பல்ஸ், 3200 பல்ஸ் என்று அச்சடித்திருக்கும் (ஒரு மினுக்கல் ஒரு பல்ஸ்). மெயினை அணைத்தும் அது மினுக்கிக்கொண்டே இருந்தால் மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் கரண்ட் கசிகிறது, அல்லது வேறு யாருடைய லைனோ உங்கள் மீட்டரில் தொங்குகிறது. நின்றுவிட்டால் வீட்டுக்குள்தான் விஷயம். மெயினைப் போட்டு, எம்சிபியை (ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) ஒவ்வொன்றாக ஏற்றி, எதை ஏற்றும்போது மினுக்கல் வேகம் எடுக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை குற்றவாளிகள் திரும்பத் திரும்ப ஒரே ஆட்கள்தான். வெந்நீர்க் குழாய் சொட்டுவதால் ஓயாமல் ஆன் ஆகிக்கொண்டிருக்கும் கீசர், ரப்பர் போய்க் கதவு சரியாக மூடாத பிரிட்ஜ், தொட்டியிலோ பைப்பிலோ கசிவு இருப்பதால் இரண்டு மடங்கு நேரம் ஓடும் மோட்டார். சும்மா செருகி வைத்திருக்கும் செட் டாப் பாக்ஸ் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. 10 வாட் இழுக்கிற ஒரு பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 7.2 யூனிட், அவ்வளவுதான். அது நூறு யூனிட்டை விழுங்காது.

மீட்டரே தப்பா என்று பார்க்கவும் அதே சிவப்பு விளக்கு போதும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு அதை மட்டும் ஓட விடுங்கள். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை தண்ணீரில் கை வைக்க வேண்டாம். 3200 பல்ஸ் மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 53 முறை மினுக்க வேண்டும். அயர்ன் பாக்ஸை வைத்துச் செய்யாதீர்கள், சூடு ஏறியதும் அதுவே நின்று நின்று ஓடும், கணக்கு கெட்டுவிடும். வோல்டேஜ் குறைந்தால் ராடு இழுக்கும் மின்சாரமும் குறையும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த ராடு 207 வோல்ட்டில் சுமார் 810 வாட்தான் இழுக்கும், அப்போது 43 தடவைதான் மினுக்கும். ஐந்து நிமிடம் எண்ணிச் சராசரி எடுங்கள். 53க்குப் பதில் 50 வந்தாலும் 56 வந்தாலும் மீட்டரைக் குறை சொல்ல முடியாது. 90 வந்தால் தைரியமாக மீட்டர் டெஸ்டுக்கு எழுதிக் கொடுங்கள். டெஸ்டுக்குக் கட்டணம் கேட்பார்கள், மீட்டர் தப்பு என்று தெரிந்தால் அந்தப் பணம் திரும்பி வருமா என்பதைக் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரைத் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள். சீல் உடைந்தால் அன்றோடு நீங்கள் புகார்தாரர் இல்லை, மின்திருட்டுக் கேஸில் பதில் சொல்கிற ஆள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மெயினை அணைக்கிற சோதனையைக் கட்டாயம் ஒருமுறை செய்து பாருங்கள். நானே ஒரு வீட்டுக்குக் குடிபோய் ஏழெட்டு மாதமாக, மேல் வீட்டுக்காரருடைய பில்லைக் கட்டிக்கொண்டிருந்தேன். பில்லிங்கில் வேலை பார்க்கிறவன் வீட்டிலேயே! ஒரு நாள் வேறு எதற்கோ மெயினை அணைத்துவிட்டுக் கீழே போனால், என் பெயர் ஒட்டியிருக்கும் மீட்டர் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது, பக்கத்து மீட்டர் செத்துக் கிடக்கிறது. கட்டடம் கட்டியபோது வயரிங் செய்தவர் இரண்டு வயரை மாற்றி மாட்டியிருக்கிறார். மேல் வீட்டில் ஏசி, என் வீட்டில் ஃபேன். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்ததுதான் பெரிய வேலையாக இருந்தது. இன்னொரு வகையும் உண்டு. பல புது மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்டை அளந்து, எது அதிகமோ அதை வைத்துக் கணக்குப் போடும். பக்கத்து வீட்டு நியூட்ரல் உங்கள் நியூட்ரலோடு எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அவர் எரிப்பது உங்கள் மீட்டரிலும் ஏறும். இதை எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்டை அளக்கும் கருவி) வைத்து இரண்டு வயரையும் அளந்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கட்டுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். முழுசாகக் கட்டாமல் இருப்பதும் தப்பு, பயந்துபோய் முழுசாகக் கட்டிவிட்டு அப்புறம் அலைவதும் தப்பு. நீங்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த, உங்கள் பார்வையில் நியாயமான தொகையைக் கடைசித் தேதிக்குள் கட்டுங்கள், மீதியை எழுத்தில் மறுங்கள். ஆன்லைனில் பல நேரம் பாதித் தொகையை வாங்காது. அப்படியானால் ஆபீஸுக்கு நேரில் போய்ப் பகுதித் தொகை கட்ட அனுமதி எழுதி வாங்க வேண்டியிருக்கும், ஒரு அரை நாள் போகும், போகட்டும். தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு வங்கியில் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே முழுத் தொகையும் கணக்கிலிருந்து போயிருக்கும்.

கடிதம் நீளமாக வேண்டாம். எங்கள் மேஜைக்கு வந்ததில் சீக்கிரம் தீர்ந்த கடிதங்கள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: 'இணைப்பு எண் இது, மீட்டர் எண் இது. இந்தத் தேதியிட்ட பில்லில், நான்கு மாதத்துக்கான 412 யூனிட்டும் ஒரே மாதப் பயன்பாடாக எடுக்கப்பட்டு மேல் ஸ்லாப் போடப்பட்டுள்ளது. நான்கு மாதத்துக்குப் பிரித்தால் வர வேண்டிய தொகை இது, கணக்கு பின்பக்கம் உள்ளது. அந்தத் தொகையை ஆட்சேபத்துடன் இன்று கட்டியுள்ளேன், ரசீது நகல் இணைப்பு. பில்லைத் திருத்தித் தரவும். முடிவு எழுத்தில் வரும்வரை மீதித் தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.' அவ்வளவுதான். நான்கு தலைமுறையாக நேர்மையாகக் கட்டி வருகிறோம் என்பதெல்லாம் தேவையில்லை. 'ஆட்சேபத்துடன்' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் கட்டினால் பில்லை ஒப்புக்கொண்டுதான் கட்டினீர்கள் என்று பின்னால் சொல்ல இடம் உண்டு. நேரில் கொடுத்தால் நகலில் சீல் போட்டு வாங்குங்கள், ஆன்லைனில் போட்டால் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். போனில் பேசியதை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள், பேசிய தேதி, நேரம், எதிரில் பேசியவர் பெயர், என்ன சொன்னார் என்று நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56இன்படி பாக்கிக்காகத் துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால் தகராறு முடியும்வரை துண்டிக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது, கவுண்டரில் யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். பிரிட்டனில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2018இல் கொண்டுவந்த விதிப்படி, நிறுவனத்தின் தவறால் பில் போடாமல் விட்டிருந்தால் 12 மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்கு வீட்டு வாடிக்கையாளரிடம் பணம் கேட்க முடியாது. உங்கள் இடத்தில் என்ன விதி என்பதை ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள், நிறுவனத்தின் தளத்தில் தேடினால் கட்டுவதற்கான பொத்தான்தான் முதலில் வரும். படி வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் நிறுவனத்திடமே புகார், பதில் வராவிட்டால் அல்லது ஒத்துவராவிட்டால் குறைதீர் மன்றம், அதற்கு மேல் ஆம்புட்ஸ்மேன் என்ற நடுநிலை அதிகாரி. முதல் படியைத் தாண்டி நேராக மேலே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பில்லில் தப்பே இல்லை, கையில் காசுதான் இல்லை என்றால் சண்டை வேண்டாம், கடைசித் தேதிக்கு முன்னால் போய்த் தவணை கேளுங்கள். தேதிக்கு முன் வருகிறவரிடம் அதிகாரிகள் பேசுகிற தொனியே வேறு. தேதி தாண்டினால் அபராதம், துண்டித்தால் மறு இணைப்புக் கட்டணம் என்று அது தனியாக ஏறும். தவணை பேசும்போது வீம்புக்குப் பெரிய தொகையை ஒத்துக்கொள்ளாதீர்கள். நடப்பு மாத பில்லும் கூடவே வரும் என்பதை மறந்து ஒத்துக்கொண்டு, இரண்டாவது தவணையிலேயே தவறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தவறினால் ஏற்பாடு ரத்தாகி முழுத் தொகையும் மறுபடி ஒரே மூச்சில் கேட்பார்கள். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் மாதிரி கரண்டில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால் மருத்துவர் சான்றோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வையுங்கள்.

அந்த 'ஃபியூஸைப் பிடுங்குவோம்' செய்தியையும் இன்னொரு தடவை பாருங்கள். அதில் இணைப்பு எண் இருக்கிறதா, பில் தேதி இருக்கிறதா, அல்லது 'இன்று இரவு 9 மணிக்குத் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்' என்று மட்டும் இருக்கிறதா? இரண்டாவது ரகம் என்றால் அது மோசடி. அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிடவும் வேண்டாம், அனுப்பும் செயலியை இறக்கவும் வேண்டாம்.

கடைசியாக, வாடகை வீடு என்பதால் ஒரு சிக்கல். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் உங்கள் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு 'ஓனரை வரச் சொல்லுங்க' என்பார்கள். அவரிடம் கையெழுத்து வாங்கியே கொடுங்கள், அல்லது உங்களுக்கு அதிகாரம் கொடுத்து இரண்டு வரி எழுதி வாங்கி இணையுங்கள். நீங்கள் குடிவந்த தேதி அந்த நான்கு மாதத்துக்கு உள்ளே விழுகிறது என்றால் அதற்கு முன் ஓடியது உங்கள் பாக்கியே இல்லை. குடிவந்த அன்று ரீடிங் எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் வாடகை ஒப்பந்தத்தின் தேதியை வைத்து நாள் கணக்கில் பிரித்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள், அந்தப் பங்கு அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது.